நயினாதீவுக் கல்வெட்டும் ஒரு மெக்ரோ லென்சும்

குறிகட்டுவானில வள்ளம் ஏறேக்க எங்களிட்ட இருந்த கேள்வி ஒண்டுதான்: கல்வெட்டுகளைப் படமெடுக்க எந்த மெக்ரோ லென்ஸ் வாங்கிறது, 60 மில்லிமீற்றரா, 100ஆ?

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் இருப்பது முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு, 12ஆம் நூற்றாண்டு. கா. இந்திரபாலா 1963இல் வாசித்து வெளியிட்டார். ஊராத்துறைக்கு, அதாவது இண்டைய ஊர்காவற்றுறைக்கு, வரும் பிறநாட்டாருக்குப் பாதுகாப்புத் தருகிறது அது. யானை, குதிரை ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் காற்பங்கு அரசுக்கு, முக்கால் உடையவனுக்கு. சரக்குக் கப்பலெண்டா சரிபாதி. அரசனுக்கு யானையிலும் குதிரையிலும் ஆசை, அதுதான் சலுகை! பொலனறுவையில் இருந்து ஆண்டவன் துறைமுகச் சட்டத்தைத் தமிழில் வெட்டுவித்திருக்கிறான் எண்டதில எங்கட ஆக்கள் கொஞ்சம் நிண்டு யோசிக்க வேணும்.

மெக்ரோ எண்டால் எல்லாரும் 1:1ஐத்தான் சொல்லுவினம். எங்கட கமராவின் ஏபிஎஸ்-சி சென்சரில் அப்ப ஏறத்தாழ 22க்கு 15 மில்லிமீற்றர் இடம்தான் படத்துக்குள்ள வரும். சேது நாணயத்துக்கு அது சரி, கல்வெட்டு வரிக்கு உதவாது. தேய்ஞ்ச எழுத்தைக் காட்டுறது பக்கத்தில இருந்து சாய்வா விழுற வெளிச்சம். நாணயத்துக்கு அப்பிடி லைட் பிடிக்க லென்சுக்கு முன்னால இடைவெளி வேணும். 100இல் அது கூட. ஆனால் ஒரு மீற்றர் அகலக் கல்லை முழுசா எடுக்க 60க்கு மூண்டு மீற்றருக்குக் கிட்டப் பின்னுக்குப் போகவேணும், 100க்கு நாலரை. சனம் நடக்கிற கோயிலில அது நடக்காது.

பழைய 60 ஒண்டு வாங்கினம். மிச்சக் காசு ட்ரைபொட்டுக்கும் டோர்ச்சுக்கும் போச்சு. அடுத்தமுறை கோயில்காரரிட்டக் கேட்டு, பொழுதுபட எடுத்துப் பாப்பம்.