மேகமலையில் மோதிய விமானம்: 1971 விபத்தும் அதன் காரணமும்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மக்கள் தினமும் காண்பது மேற்கே நிற்கும் மலைத்தொடர். அதன் மறுபுறம், தேனி மாவட்டம் சின்னமனூரை ஒட்டிய மேகமலைப் பகுதியில், 1971 டிசம்பர் 9 அன்று இந்தியன் ஏர்லைன்ஸின் ஆவ்ரோ 748 ரக விமானம் ஒன்று மோதி நொறுங்கியது. திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்கு வந்துகொண்டிருந்த அதில் 31 பேர் இருந்தனர். 21 பேர் இறந்தனர். 10 பேர் உயிர் தப்பினர். பாகிஸ்தானுடன் போர் நடந்துகொண்டிருந்த வாரம் அது. இன்று நம் பகுதி இளைஞர்களிடம் கேட்டால் இப்படி ஒரு சம்பவம் நடந்ததே பலருக்குத் தெரியாது.

வரைபடத்தில் திருவனந்தபுரத்தையும் மதுரையையும் ஒரு நேர்கோட்டால் இணைத்துப் பாருங்கள். கோடு ராஜபாளையத்துக்குக் கிழக்கே, சிவகாசியை ஒட்டிச் செல்லும். அங்கெல்லாம் சமவெளிதான். விமானம் மோதிய இடமோ அந்தக் கோட்டுக்கு வெகு மேற்கே, மதுரையிலிருந்து சுமார் 80 கி.மீ. தொலைவில், ஏறத்தாழ 5000 அடி உயரத்தில் இருக்கிறது. பகல் நேரம்தான். ஆனால் பார்வைத் தெளிவு குறைவாக இருந்தது. அந்த நிலையில் இறங்கிக்கொண்டிருந்தபோதுதான் மலை குறுக்கிட்டது.

விமானிகள் பார்க்கும் உயரமானி பற்றி இங்கே ஒரு விளக்கம் தேவை. அது காற்றழுத்தத்தை அளந்து கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று சொல்லும். கீழே மலை இருக்கிறதா, வயல் இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. சிவகாசிக்கு மேலே 5000 அடி என்பது தாராளமான உயரம். மேகமலையிலோ அதே 5000 அடி என்பது தரை. ஆகவே உயரம் சரியாகத் தெரிந்தாலும், தான் எங்கே இருக்கிறோம் என்பது தவறினால் போதும்.

மூன்றாண்டு கழித்து, 1974 டிசம்பர் 4 அன்று இலங்கையில் நடந்ததும் இதுதான். இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஜித்தாவுக்கு ஹாஜிகளை ஏற்றிவந்த மார்ட்டின்ஏர் விமானம், கொழும்பில் இறங்க வரும் வழியில் மஸ்கெலியா அருகே ஏழு கன்னியர் மலையில் மோதியது. 182 பயணிகளும் 9 ஊழியர்களும் ஆக 191 பேரும் மரணமடைந்தனர். விமான நிலையத்தை உண்மையில் இருந்ததைவிட அதிகமாக நெருங்கிவிட்டதாக விமானிகள் எண்ணி, முன்கூட்டியே தாழ இறங்கியதுதான் காரணம்.

அதற்கு மூன்று நாள் முன்புதான், டிசம்பர் 1 அன்று, அமெரிக்காவில் வாஷிங்டன் அருகே ஒரு விமானம் இதே விதமாக மலையில் மோதி 92 பேர் இறந்திருந்தனர். அதன்பின் தரைமோதல் எச்சரிக்கைக் கருவியை அமெரிக்கா கட்டாயமாக்கியது. தரை ஆபத்தாக நெருங்கும்போது 'புல் அப்' என்று குரல் கொடுக்கும் கருவி அது. 1990களில் உலகின் மலைகளின் உயரமெல்லாம் அதனுள் பதிவேற்றப்பட்டு, முன்னால் வரும் மலையையும் அறிவிக்கும்படி மேம்பட்டது. ஹஜ், உம்ரா, வளைகுடா வேலை என்று வானில் பறக்கும் நம் மக்கள் இன்று இதன் பயனை அறியாமலே அனுபவிக்கிறார்கள். 1971இல் அந்தப் பாதுகாப்பு இல்லை.

விபத்து நடந்தால் 'விதி' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. விதியை நாம் நம்புகிறோம். ஆனால் காரணத்தைத் தேடியவர்களால்தான் இந்தக் கருவி கிடைத்தது.

கருவி மட்டும் போதுமா என்றால், மங்களூரைப் பார்க்க வேண்டும். 2010 மே 22 அன்று துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 158 பேர் இறந்தனர்; 8 பேர் மட்டுமே பிழைத்தனர். எச்சரிக்கைக் கருவி பலமுறை குரல் கொடுத்தது. தரையிறங்குவதைக் கைவிட்டு மேலே எழும்பும்படி துணை விமானி மூன்று முறை சொன்னார். பயணத்தில் வெகுநேரம் தூங்கியிருந்த தலைமை விமானி அதற்குச் செவிசாய்க்கவில்லை என்று விசாரணை நீதிமன்றம் பதிவு செய்தது.