எரிக்கப்பட்ட பட்டியலும் எங்க ஊர் ஆஸ்பத்திரிகளும்

கொஞ்சம் நீளமான த்ரெட். டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க.

குற்றாலத்துல சாரல் சீசன். ஊரெல்லாம் தலையில எண்ணெய் தேய்ச்சிட்டு அருவிக்குப் போய்க்கிட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு லாட்ஜ் ஹாலில் தென்காசி சுற்றுவட்டாரத்து டாக்டர்கள் இருபது பேர் கூடியிருந்தோம். எல்லாரும் பத்து படுக்கை, இருபது படுக்கை வச்சு சின்னதா நர்சிங் ஹோம் நடத்துறவங்க. நானும் நண்பர் ஒருத்தரும் ஒரு கோரிக்கையோட போயிருந்தோம். ஆபரேஷனுக்கு முன்னாடி எல்லாரும் ஒரே செக்லிஸ்ட்டைப் பயன்படுத்தணும். பிரசவத்திலும் ஆபரேஷனிலும் தப்பு நடந்தாலோ, நடக்க இருந்து மயிரிழையில் தப்பினாலோ எழுதி வைக்கணும். மாசம் ஒருதடவை நமக்குள்ள உட்கார்ந்து பேசணும். அவ்வளவுதான்.

முதல் வரிசையில் இருந்த சீனியர் ஒருத்தர் பொறுமையா கேட்டுட்டு சொன்னார்: "தம்பி, நல்ல விஷயம்தான். ஆனா நான் எழுதி வைக்கிற பேப்பரே நாளைக்கு எனக்கு எதிரா சாட்சி சொல்லும்லா?"

எனக்கு டக்குனு பதில் வரலை. வீட்டுக்கு வந்து படிச்சப்போதான் இந்தக் கேள்விக்கு நூறு வயசுக்கு மேல ஆச்சுன்னு புரிஞ்சது.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் எர்னஸ்ட் காட்மன் என்று ஒரு சர்ஜன். நோயாளி வீட்டுக்குப் போனதோட வேலை முடிஞ்சிடுதா? ஒரு வருஷம் கழிச்சு அவர் எப்படி இருக்கார்னு பார்க்க வேண்டாமா? சரியாகலைன்னா ஏன்னு கேட்க வேண்டாமா? இதுதான் அவர் கேட்டது. மாசசூசெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரி இதுக்கு ஒத்துக்கலை. அங்கிருந்து விலகினார். ஏற்கெனவே 1911-ல் தொடங்கியிருந்த தன்னோட சின்ன ஆஸ்பத்திரியில் சொன்னதைச் செய்து காட்டினார். 1911 முதல் 1916 வரை டிஸ்சார்ஜ் ஆன நோயாளிகள் 337 பேர். அவர்களில் நடந்த தவறுகள்னு அவரே கணக்கு எழுதி அச்சடிச்சு வெளியிட்டது 123. இன்னிக்கு நம்மில் யாராவது செய்வோமா? நான் செய்ய மாட்டேன். உண்மையைச் சொல்றேன்.

1915-ல் ஒரு கூட்டத்தில் பெரிய கார்ட்டூன் ஒண்ணைத் திறந்து வச்சார். டாக்டர்களுக்குப் பொன் முட்டை போட்டுக்கிட்டே தலையை மண்ணுக்குள்ள புதைச்சிருக்கிற நெருப்புக்கோழி. ஊரே கொதிச்சது. ஹார்வர்டில் பாடம் எடுக்கிற வேலையும் போச்சு. (கார்ட்டூன் அவசரப்பட்ட வேலைன்னுதான் எனக்குத் தோணுது. யாரைக் கூட சேர்க்கணுமோ அவங்களையே திட்டினா எப்படி வருவாங்க?)

ஆனா விதை விழுந்தாச்சு. அமெரிக்க சர்ஜன்கள் சங்கம் 1917-ல் ஆஸ்பத்திரிகளுக்கான குறைந்தபட்ச தரம்னு ஒண்ணை எழுதியது. மொத்தமே ஒரு பக்கம். கேஸ் ஷீட் ஒழுங்கா எழுதணும், லேப் இருக்கணும், டாக்டர்கள் மாசம் ஒருமுறை கூடி தங்கள் வேலையைப் பற்றிப் பேசணும், இப்படி. 100 படுக்கைக்கு மேல் இருந்த 692 ஆஸ்பத்திரிகளைப் போய்ப் பார்த்தாங்க. தேறியது 89.

தேறாத பட்டியலில் நாட்டிலேயே பேர்போன ஆஸ்பத்திரிகள் இருந்தன. அது பத்திரிகைக்காரங்க கையில் சிக்கிடக் கூடாதுன்னு, 1919-ல் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டல்ல, ராத்திரியோட ராத்திரியா, கொதிகலன் அடுப்பில் போட்டு எரிச்சுட்டாங்க.

முதல்ல படிச்சப்போ எனக்கும் ஆத்திரமாத்தான் வந்தது. நோயாளிக்கு உரிமையான தகவல் இல்லையா அது? ஆனா அடுத்து நடந்ததையும் பார்க்கணும். எண்ணிக்கையை மட்டும் சொன்னாங்க, தோத்தவங்க பேரைச் சொல்லலை. திருத்திக்கிட்டு வாங்கன்னு கூப்பிட்டாங்க. 1950-க்குள் 3,200-க்கும் அதிகமான ஆஸ்பத்திரிகள் அந்தத் தரத்துக்குள் வந்துவிட்டன. அன்னிக்கு அந்தப் பேர்களை அச்சடிச்சிருந்தா இத்தனை பேர் வந்திருப்பாங்களா? எனக்கு சந்தேகம்தான்.

சரி, செக்லிஸ்ட்டுக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனத்துக்காக அதுல கவாண்டேவின் குழு இதை எட்டு நகரங்களின் ஆஸ்பத்திரிகளில் சோதித்தது. டெல்லியும் அதில் ஒண்ணு. 2009 ஜனவரியில் முடிவு வந்தது: ஆபரேஷனுக்குப் பிந்தைய மரணம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8-க்கு இறங்கியிருந்தது. உலகமே தூக்கி வச்சு ஆடுச்சு.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 2010-ல் உத்தரவே போட்டது. கிட்டத்தட்ட எல்லா ஆஸ்பத்திரியும் "செய்றோம்"னு எழுதிக் கொடுத்தது. 101 ஆஸ்பத்திரிகளை ஆராய்ந்து பார்த்தா, மரணம் 0.71-லிருந்து 0.65. புள்ளியியல் கணக்குப்படி இது குறைவே இல்லை. டிக் அடிச்சிருக்காங்க, அவ்வளவுதான். டிக் அடிக்கிற கலையில் நாமளும் யாருக்கும் சளைச்சவங்க இல்லைன்னு எந்த நர்ஸைக் கேட்டாலும் சொல்வாங்க!

அதே சமயம் அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் வேற வழி. உத்தரவு கிடையாது. எல்லா ஆஸ்பத்திரிக்கும் அழைப்பு மட்டும். செக்லிஸ்ட்டை அவங்கவங்க தியேட்டருக்குத் தகுந்த மாதிரி மாத்திக்கலாம். டீமோட பேசிப் பழகிட்டுத்தான் ஆரம்பிக்கணும். கடைசி வரை முடிச்சது வெறும் 14. அந்த 14-ல் 2010-க்கும் 2013-க்கும் நடுவுல மரணம் 22 சதவீதம் குறைஞ்சது. விரும்பி வந்தவங்க ஏற்கெனவே அக்கறை உள்ளவங்களா இருக்கலாமேன்னு நீங்க கேட்பீங்க. நியாயமான கேள்வி. உத்தரப் பிரதேசத்தில் 120 பிரசவ மையங்களில் பிரசவ செக்லிஸ்ட்டை ஆள் வச்சு சொல்லிக் கொடுத்து நடத்தினப்போ, வேலை செய்யும் முறை மேம்பட்டது, மரணம் குறையலை. அதையும் மறைக்காம சொல்லிடணும்.

இப்போ நம்ம பக்கம். செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூரோட இருந்த ஊர். ஆரியங்காவு தாண்டினா கேரளா. அங்க மகப்பேறு டாக்டர்களின் சங்கம் 2004-ல் ஒரு வேலை தொடங்கியது. தாய் மரணம் நடந்தா கேஸ் ஷீட் நகலை அனுப்பணும். அம்மா பேர், டாக்டர் பேர், ஆஸ்பத்திரி பேர் எல்லாத்தையும் நீக்கிட்டு. யார் செய்தாங்கன்னு தெரியாமலேயே சீனியர்கள் உட்கார்ந்து, எங்கே தவறியது, என்ன செய்திருந்தா பிழைச்சிருப்பாங்கன்னு எழுதுவாங்க. டாக்டர் வி.பி. பெய்லி போன்றவர்கள் முன்னால் நின்னு செய்தது. இங்கிலாந்தில் 1952-லேயே தொடங்கிய முறைதான், நம்ம மண்ணுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கிட்டாங்க. அதில் தெரிஞ்சது: பெரிய எமன்கள் ரத்தப்போக்கும் ரத்த அழுத்தமும். அதை வச்சே பிரசவத்துக்கான தர விதிகளை எழுதி, ஆஸ்பத்திரிகளில் சோதிச்சாங்க.

தமிழ்நாடும் சும்மா இல்லை. 90-களிலேயே தாய் மரண ஆய்வு ஆரம்பிச்ச மாநிலம் நாம. 2001-03-ல் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 134 தாய்மார்களை இழந்தோம். 2018-20-ல் 54. அவசர மகப்பேறு மையங்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் 24 மணி நேர நர்ஸ், 2008-ல் வந்த 108 எல்லாம் சேர்ந்துதான் இது நடந்தது. ஆனா அதே 2018-20-ல் கேரளாவில் 19. காரணம் நூறு இருக்கும். ஒரு ஆய்வுக்கு மட்டும் மாலை போட மாட்டேன்.

ஒண்ணு மட்டும் சொல்லலாம். இங்க ஆடிட்னாலே டாக்டர் வயித்துல புளி கரைக்கும். 1995-ல் உச்ச நீதிமன்றம் வைத்தியத்தையும் நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டு வந்தது. நோயாளிக்கு அது தேவையான பாதுகாப்பு, நான் எதிர்க்கலை. 2012 ஜனவரியில் தூத்துக்குடியில், கர்ப்பிணி ஒருவர் இறந்ததுக்காக ஒரு பெண் மருத்துவர் வெட்டிக் கொல்லப்பட்டார். எங்க தலைமுறை டாக்டர்கள் யாரும் அதை மறக்கலை. அந்த சீனியர் "சாட்சி"ன்னு சொன்னப்போ அவர் மனசுல இதெல்லாம் ஓடியிருக்கும்.

அதனால அடுத்த கூட்டத்துக்குப் படிவத்தை மாத்தினோம். ஆஸ்பத்திரி பேர் கேட்கிற கட்டத்தை எடுத்தாச்சு, டாக்டர் பேரும் இல்லை. நோயாளி பேர் எப்பவுமே கூடாது. குடும்பத்துக்கு உண்மையைச் சொல்ற கடமை அந்தந்த டாக்டருக்கு உண்டு, அதுக்கு இது மாற்று இல்லைன்னும் மேலேயே போட்டோம்.

இருபதில் சேர்ந்தது ஆறு பேர். சீனியர் சேரலை. "யோசிச்சு சொல்லுதேன்"னு எழுந்து போயிட்டார்.

மூணு வாரம் கழிச்சு கூரியர்ல ஒரு கவர். உள்ளே ஒரு கேஸ் ஷீட்டின் நகல். மேல இருந்த லெட்டர்ஹெட், பேர், வயசு எல்லாம் பிளேடால நறுக்கி எடுத்திருந்தது. கையெழுத்தை மட்டும் மறைக்க முடியலை. நான் ஹவுஸ் சர்ஜனா இருந்த காலத்துலேர்ந்து பார்த்துப் பழகின எழுத்து.

கேஸ் என்னன்னு இங்க எழுத மாட்டேன். அந்த அம்மா பிழைச்சிட்டாங்க. திருநெல்வேலி ஹைகிரவுண்டுக்கு 50 கிலோமீட்டருக்கு மேல தூக்கிட்டுப் போய்.

கடைசிப் பக்கத்தின் அடியில், பேனாவால புதுசா ஒரு வரி: "ராத்திரியில் ரத்தம் கிடைக்க ஒண்ணே முக்கால் மணி நேரம். முதல்ல இதைப் பேசுங்க."

வர்ற ஞாயிறு அதைத்தான் பேசப் போறோம்.