ஹவுளும் ஊருணியும்: சேதுக்கரைப் பள்ளிவாசல்களின் சிக்கன மரபு

2015ஆம் ஆண்டு ஆகஸ்டில் இஸ்தான்புல் நகரில் முஸ்லிம் அறிஞர்கள் கூடி, பருவநிலை மாற்றம் குறித்த இஸ்லாமியப் பிரகடனத்தை வெளியிட்டனர். நம்மவருள் பலர் அதனைப் புதியதொரு சிந்தனையாகவே கண்டனர். ஆயின், இராமநாதபுரம் கடற்கரையின் பழைய பள்ளிவாசல்களை ஊன்றி நோக்குவோர்க்கு அச்சிந்தனை புதியதன்று.

இம்மாவட்டம் வறட்சிக்குப் பெயர்பெற்றது. ஆண்டு மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்திலேயே பெய்துவிடுகிறது. எஞ்சிய மாதங்களுக்குக் கண்மாயும் ஊருணியுமே துணை. இராமேசுவரம் தீவிலோ மணலுக்கடியில் மழைநீர், கனமான உப்புநீரின்மீது மெல்லிய படலமாக மிதந்து நிற்கிறது. அளவோடு இறைத்தால் நன்னீர். மிகுதியாக உறிஞ்சினால் கீழிருந்து உப்புநீர் மேலேறிவிடும்.

இத்தகைய மண்ணில் நாள்தோறும் ஐவேளை ஒளுச் செய்யும் சமுதாயம் நீரை எவ்வாறு பேணியது? ஹவுள் அதற்கு விடை தருகிறது. ஒரு 'முத்து' நீரால், அதாவது இரு கைகளும் சேர்ந்து கொள்ளுமளவு நீரால், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒளுச் செய்ததாக ஹதீஸ்கள் கூறுகின்றன. இக்கரையோர முஸ்லிம்களுள் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி, இரண்டு 'குல்லத்' அளவுக்கு, ஏறத்தாழ 200 லிட்டருக்கு, குறைந்த நீரில் ஒளுவின் நடுவே கையை நனைத்தால் அது 'பயன்படுத்தப்பட்ட நீர்' ஆகிவிடக்கூடும். அவ்வளவையோ அதற்கு மேலோ கொண்ட நீர்நிலைக்கு அந்த இடர்ப்பாடு இல்லை. எனவே பெரிய தொட்டியொன்றைச் சுற்றி அமர்ந்து, பலரும் வேண்டுமளவு மட்டும் அள்ளிக் கழுவ முடிந்தது. குழாயைப் போல் நீர் வீணே ஓடிக்கொண்டிருப்பதில்லை. ஃபிக்ஹுச் சட்டம் கட்டட வடிவமாகி, கட்டடம் மக்களின் பழக்கத்தை வகுத்தது எனலாம்.

காற்றுக்கும் ஒளிக்கும் இதுவே நெறியாயிற்று. வள்ளல் சீதக்காதியின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் கீழக்கரைப் பழைய ஜும்ஆப் பள்ளி, திராவிடக் கட்டடக்கலையின் கல்தூண்களால் அமைந்தது. தடித்த கல்லும் நிழல்தரும் தாழ்வாரமும் வெயிலை உள்ளே விடுவதில்லை.

எனினும் பழைமை அனைத்தையும் பசுமை என்று போற்றுவது வரலாற்றுக்கு நேர்மையாகாது. மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் சுண்ணாம்புக்காகவும் கட்டடங்களுக்காகவும் நெடுங்காலம் வெட்டப்பட்டன. அவ்வகழ்வு பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி ஆகிய தீவுகள் கடலுள் மூழ்கியதற்கு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது; 2001இல் பவளங்கள் வனவிலங்குச் சட்டத்தின் முதலாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. நீரில் சிக்கனம் காட்டிய கரையே கடலிடம் அதனைக் காட்டத் தவறியது.

இன்று பல ஊர்களில் ஹவுள் இருந்த இடத்தில் குழாய் வரிசைகள் நிற்கின்றன. காவிரி நீர் நெடுந்தொலைவு மின்விசையால் உந்தப்பட்டு இம்மாவட்டத்திற்கு வருகிறது. ஆதலால், திறந்துவிடப்பட்ட குழாயில் வீணாவது நீர் மட்டுமன்று, மின்சாரமும்தான். இதே மாவட்டத்தின் கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழுந்தது. வெயிலை மின்சாரமாக்கும் வித்தை நம் வாசலிலேயே இருக்கிறது. ஜகார்த்தாவின் இஸ்திக்லால் பள்ளிவாசல் கூரையில் சூரியத் தகடுகளை அமைத்து, ஒளு நீரை மறுபயன்பாட்டுக்குக் கொணர்ந்து, 2022இல் சர்வதேச நிதிக் கழகத்தின் 'எட்ஜ்' பசுமைக் கட்டடச் சான்று பெற்றது.

அவ்வளவு பெரிய செலவு நம் ஜமாஅத்துகளுக்குத் தேவையில்லை. ஒளு நீரைத் தென்னைக்கும் வேம்புக்கும் திருப்பலாம்; கூரை மழைநீரைக் கிணற்றில் சேர்க்கலாம்; குளிர்சாதனம் வாங்குமுன் அடைத்துவிட்ட சன்னல்களைத் திறந்து பார்க்கலாம்; எஞ்சியுள்ள ஹவுள்களை இடிக்காமல் காக்கலாம். பள்ளியின் மின்கட்டணமும் நீர்ச்செலவும் மஹல்லா மக்களின் அமானிதப் பணத்திலிருந்தே செலுத்தப்படுகின்றன. ஜமாஅத்தின் ஆண்டுக் கணக்கில் அவற்றையும் வெளிப்படையாக வைத்துக் கேள்வி கேட்கும் வழக்கத்தை நாம் தொடங்குதல் வேண்டும்.