கேள்வித்தாளில் இல்லாத கேள்வி

தமிழில் 'கேள்வி' என்னும் சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டு. வினவுதல் ஒன்று, செவியால் கேட்டறிதல் மற்றொன்று. திருக்குறளில் கல்வி, கல்லாமை ஆகிய அதிகாரங்களை அடுத்து 42ஆம் அதிகாரமாக அமைந்த 'கேள்வி' இரண்டாம் பொருளினது. 'பாடம் படித்தான்' என்பதைவிடப் 'பாடம் கேட்டான்' என்பதே நம் பழைய வழக்கு. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பவணந்தி முனிவர் தம் நன்னூற் பாயிரத்திலேயே மாணாக்கன் பாடம் கேட்கும் முறையை வகுத்துரைத்தார். உ.வே. சாமிநாதையர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டார் என்றுதான் இன்றும் எழுதுகிறோம். கல்வியைச் செவியோடு இவ்வாறு பிணைத்து வைத்த ஒரு மொழியின் மக்கள், ஆங்கிலம் என்னும் வேற்றுமொழியில் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகத் தேர்வெழுதி வருகிறார்கள். அத்தேர்வுகளின் கேள்வித்தாள்களில் அந்த இரண்டாவது 'கேள்வி'க்கு இடமில்லாமற் போனது எவ்வாறு, அதனால் கொல்லிமலை போன்ற ஓர் ஊரின் மாணவர் இழப்பது யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ் கற்பிப்போர் ஆங்கிலத் தேர்வைப் பற்றிப் பேசுவானேன் என்று வாசகர் வினவலாம். இரு மொழி வகுப்புகளிலும் அமர்ந்திருப்பவர் ஒரே மாணவர். பிளஸ் டூவில் ஆங்கிலத்தில் நல்ல மதிப்பெண் பெற்று வந்தவர், கல்லூரியில் முதல் ஆங்கில விரிவுரையின்போது ஒன்றும் விளங்காமல் தலைகுனிந்திருப்பதையும், தமக்கு அறிவு போதாது என்று தாமே முடிவு கட்டிக்கொள்வதையும் ஆண்டுதோறும் காண்கிறோம். அம்முடிவு தவறானது. அதன் வேர் நம் தேர்வுகளின் வரலாற்றில் இருக்கிறது.

ஆங்கிலக் கல்வி இங்கே பரவுவதற்கு முன்பே ஆங்கிலேயர்க்கு நம் மொழிகளில் தேர்வு வைக்கும் முறை வந்துவிட்டது. 1812இல் சென்னையில் தோன்றிய புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி, கும்பினியின் இளம் அலுவலர்களுக்குத் தமிழும் தெலுங்கும் பிறவும் கற்பித்துச் சோதித்தது. குறளுக்கு ஆங்கிலத்தில் உரை வரைந்த எல்லிஸ் துரை அதன் மூலவர். அங்கே மொழிபெயர்ப்போடு உரையாடும் திறனும் சோதிக்கப்பட்டது. குடியானவன் சொல்லும் முறையீடு செவியில் விளங்கினால்தான் கலெக்டரால் ஆள முடியும். ஆளவந்தவனுக்கு நம் மொழியில் காது வேண்டியிருந்தது.

ஆளப்பட்டவனிடம் எதிர்பார்த்தது வேறு. 1835 பிப்ரவரியில் மெக்காலே தம் குறிப்பை எழுதினார். அடுத்த மாதமே பெண்டிங்க் பிரபுவின் ஆணை அதை ஏற்றது. 1844இல் ஹார்டிஞ்ச் பிரபுவின் அறிவிப்பு, ஆங்கிலம் கற்றோர்க்கு அரசுப் பணியில் முன்னுரிமை என்றது. 1854இல் வுட் அனுப்பிய கல்வி அறிக்கையின் வழியே 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் எழுந்தது. அது இலண்டன் பல்கலைக்கழகத்தைப் பின்பற்றியது. அதாவது, முதலில் அது கற்பிக்கும் இடமாக இருக்கவில்லை; பிற கல்லூரிகளில் கற்றவரைச் சோதித்துப் பட்டம் வழங்கும் இடமாகவே இருந்தது.

இச்செய்தி நம் பொருளுக்கு மிக இன்றியமையாதது. கற்பிப்பவர் ஓரிடத்தும் சோதிப்பவர் வேறிடத்தும் இருந்தால், இருவருக்கும் நடுவே பயணம் செய்யக்கூடியது தாள் மட்டுமே. ஒரே வினாத்தாளை மாகாணம் முழுமைக்கும் அனுப்பலாம். விடைத்தாள்களைக் கட்டித் திரும்பக் கொணரலாம். ஒலிப்பதிவுக் கருவி இல்லாத அந்நாளில் ஒரே குரலை எல்லா ஊருக்கும் அனுப்ப வழியில்லை. அலுவலகத்தின் தேவையும் இதற்கு ஒத்துப்போயிற்று. கடிதத்தைப் பிழையற நகலெடுக்கவும் அறிக்கையைச் சுருக்கி எழுதவும் வல்ல குமாஸ்தா போதும். ஆகவே இலக்கணம், சுருக்கி வரைதல், மொழிபெயர்ப்பு, கட்டுரை என எழுத்தே தேர்வாயிற்று. அப்பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் யாழ்ப்பாணத்தவரான சி.வை. தாமோதரம் பிள்ளையும் கறோல் விசுவநாத பிள்ளையும் என்பது நாமறிந்த செய்தி. பின்னாளில் கலித்தொகையை அச்சேற்றிய பெருமகனாரை அத்தேர்வு அடையாளம் கண்டது. அவ்வகையில் அது பயனற்றதன்று. ஆனால் அதன் அளவுகோல் கையெழுத்துக்கும் நினைவுக்கும் உரியதாகவே நிலைத்துவிட்டது. மெட்ரிகுலேஷனும், அதன்பின் எஸ்.எஸ்.எல்.சி.யும், அதற்குப்பின் பி.யூ.சி.யும் அதே தடத்தில் சென்றன.

இதே காலத்தில் பிற நாடுகளில் நடந்தவற்றையும் ஒப்பு நோக்கலாம். 1913இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அயல்மொழியினர்க்கென ஓர் ஆங்கிலத் தேர்வைத் தொடங்கியது. பன்னிரண்டு மணி நேரம் நீண்ட அத்தேர்வில் சொல்வதெழுதலும் வாய்விட்டுப் படித்தலும் உரையாடலும் இருந்தன. முதலாண்டில் எழுதியவர் மூவர், தேறியவர் எவருமிலர். ஒலிநாடா வந்தபின் 1964இல் அமெரிக்காவின் டோஃபல் தேர்வு கேட்டலைப் பெருந்திரளுக்கு ஒரே சீராகச் சோதித்துக் காட்டியது. 1989இல் வந்த ஐ.இ.எல்.டி.எஸ். கேட்டலுக்கு 40 வினாக்களும் படித்தலுக்கு 40 வினாக்களும் வைக்கிறது. ஒலிப்பதிவு ஒருமுறைதான் ஒலிக்கும். வெளிநாடு செல்ல விரும்பும் நம் இளைஞர் பெரும்பணம் கட்டி எழுதும் இத்தேர்வில்தான், தம் வாழ்வில் முதன்முறையாக ஆங்கிலச் செவித்திறன் மதிப்பெண்ணாக மாறுவதைக் காண்கின்றனர்.

செவி கிடக்கட்டும், கண்ணையாவது நம் தேர்வுகள் முறையாகச் சோதித்தனவா? டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், 1926இல் வெளிவந்த தம் நூலில் வங்க மாணவர்க்கு முதல் தேவை விரைந்து பொருளுணர்ந்து படிக்கும் திறனே என்று வாதிட்டார். சொற்களை அளவிட்டுச் சேர்த்த வாசிப்பு நூல்களையும் ஆக்கினார். நம் பள்ளிகளில் 'நான்-டீடெயில்' என வழங்கிய துணைப்பாட நூலுக்குப் பின்னாலும் இக்கருத்தே உண்டு. சொல் சொல்லாக நிறுத்தாமல் கதையைத் தாமே ஓட்டமாகப் படித்து இன்புறுவதற்காக வந்த நூல் அது. நடந்ததோ வேறு. கதைச்சுருக்கம் கைடில் அச்சாயிற்று, கைடு மனப்பாடமாயிற்று. மூலக்கதையைத் திறவாமலே முழு மதிப்பெண் பெறும் நிலை வந்தது. முன்பின் காணாத பத்தி ஒன்று வினாத்தாளில் இடம்பெற்றது உண்மையே. எனினும் பெரும்பங்கு மதிப்பெண் பாடநூலிலிருந்து வந்தமையால், படிப்புத்திறனுக்கும் நினைவுத்திறனுக்கும் வேறுபாடு தெரியாமற் போயிற்று.

மாற்ற முயன்றவர் இல்லாமலில்லை. 1950களில் சென்னை மாநிலம் அமைப்புமுறைப் பாடத்திட்டத்தை ஏற்றது. வாக்கிய அமைப்புகளை ஆசிரியர் வாயால் சொல்ல, மாணவர் செவியால் உள்வாங்குதல் அதன் அடிப்படை. அதன்பொருட்டு 1959இல் தொடங்கிய பெரும்பயிற்சி 27,000 ஆசிரியரை இலக்காகக் கொண்டது. பயிற்சி பெற்றவர் பிறர்க்குப் பயிற்றிப் பெருகும் முறையாதலின் 'சென்னைப் பனிப்பந்து' என்றே அது பெயர் பெற்றது. வகுப்பறையின் நுழைவாயில் மாறியது. ஆயின் அதன் இறுதிவாயிலாகிய பொதுத்தேர்வு எழுத்தாகவே நின்றது. பெற்றோரும் ஆசிரியரும் தேர்வை நோக்கியே நடப்பர் என்பதில் வியப்பில்லை.

இன்னொரு முயற்சி 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் கடலூரிலும் சில பள்ளிகளில் நிகழ்ந்தது. என்.எஸ். பிரபு முன்னின்று நடத்திய அத்திட்டத்தில் இலக்கணப் பாடம் கிடையாது. இரயில் கால அட்டவணையை நோக்கி விடை கூறுதல், ஆசிரியர் சொல்லக் கேட்டு வரைபடத்தில் வழி குறித்தல் போன்ற செயல்களே பாடம். அதனை மதிப்பிட வந்த பெரெட்டாவும் டேவிஸும் சொல்வதெழுதலையும், கேட்டலும் படித்தலும் சேர்ந்த தேர்வொன்றையும் பிறவற்றோடு நடத்தினர். அமைப்புத் தேர்வில் பழைய முறையில் பயின்றோர் முந்தினர். செயல்வழித் தேர்வில் புதிய முறையில் பயின்றோர் முந்தினர். எதற்குப் பழக்குகிறோமோ அது வளர்கிறது. எதைச் சோதிக்கிறோமோ அதுவே கண்ணுக்குத் தெரிகிறது. தமிழக அரசுப் பள்ளியிலும் ஆங்கிலக் கேட்டலைச் சோதிக்க முடியும் என்பதற்கு நாற்பதாண்டுகளுக்கு முன்பே கிடைத்த சான்று இது.

1978இல் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோது ஆங்கிலத்துக்கு இரு தாள்கள் வந்தன. 2018இல் அறிவித்த மாற்றத்தால் அவை ஒரே தாளாயின. புதிய பாடநூல்களில் கேட்டற் பயிற்சிகளும் இடம்பெற்றன. ஆயினும் 100 மதிப்பெண்ணில் 90 எழுத்துத் தேர்வுக்கு உரியது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2012-13இல் கேட்டல், பேசுதல் மதிப்பீட்டைத் தன் பள்ளிகளில் தனித்தேர்வாகப் புகுத்தியது. பின்னர் அது பள்ளி அளவிலான அகமதிப்பீட்டின் ஒரு சிறு பகுதியாகச் சுருங்கியது.

இப்போது கொல்லிமலைக்கு வருவோம். வல்வில் ஓரியால் சங்கப் பாடல்களில் இடம்பெற்ற மலை. கடல்மட்டத்திற்கு ஆயிரம் மீட்டருக்கு மேல், எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து செல்ல வேண்டிய ஊர்கள். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு என நாடுகளாகப் பிரிந்த அம்மலையில் வாழும் மலையாளி எனப்படும் பழங்குடியினர் பேசுவது தமிழே. சாமையும் மிளகும் காப்பியும் விளையும் அங்கே ஆங்கிலம் அன்றாட ஒலியன்று. ஆனால் அங்கே ஆங்கிலக் குரல் ஒருபோதும் ஒலித்ததில்லை என்றும் சொல்லவியலாது. ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்னும் கிறித்தவத் தொண்டர் இணையரின் மகனாக 1914இல் இம்மலையில் பிறந்தவர், பின்னாளில் வேலூரில் தொழுநோயாளரின் கைகளைச் சீராக்கி உலகப்புகழ் பெற்ற மருத்துவர் பால் பிராண்ட். ஒன்பதாம் வயதில் இலண்டனுக்குப் படிக்கச் செல்லும்வரை மலைச் சிறுவரோடு ஆடித்திரிந்த அவருக்குத் தமிழ் வந்தது காதின் வழியாகத்தான். மலைக் குழந்தையொன்று அவ்வாறு ஆங்கிலம் பெறும் வாய்ப்பு அன்றுமில்லை, இன்றும் அரிது. நகரத்து மாணவர்க்குப் பெற்றோர் பேச்சிலும் தனிவகுப்பிலும் ஆங்கிலம் காதில் விழுகிறது. மலை மாணவர்க்குப் பள்ளி ஒன்றே வாயில். அப்பள்ளியில் தேர்வுக்கு உதவாத பயிற்சிக்கு நேரம் ஒதுக்கப்படுவதில்லை.

அவ்வாறாயின் பொதுத்தேர்வில் கேட்டலைச் சேர்த்துவிடலாமே எனில், அதற்கு வலுவான மறுப்பு உண்டு. மின்தடை, பழுதான ஒலிபெருக்கி, பழகாத உச்சரிப்பு இவற்றால் முதலில் அடிபடப்போவது மலை மாணவரே. ஏற்கெனவே உள்ள வேற்றுமை மதிப்பெண் பட்டியலிலும் ஏறிவிடும். இம்மறுப்பை நாம் மதிக்கிறோம். ஆயினும் சோதிக்காமல் விடுவதால் வேற்றுமை நீங்கிவிடுவதில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் மறைந்திருந்த அது கல்லூரியின் முதல் பருவத்தில், நேர்காணல் அறையில், கைகொடுப்பார் எவருமில்லாத இடத்தில் வெளிப்படுகிறது.

ஆதலால் கேட்டல் தேர்வு பிளஸ் ஒன் தொடக்கத்திலேயே, தேர்ச்சி தோல்வி இன்றி, குறை எங்கே என்று காட்டும் கருவியாக வரவேண்டும் என்பது நம் கருத்து. அதற்குப் பெருஞ்செலவு வேண்டா. ஆசிரியர் இயல்பான வேகத்தில் இருமுறை படிக்கலாம். செம்மேட்டிலிருந்து நாமக்கல் செல்லும் பேருந்து எத்தனை மணிக்குப் புறப்படும், ஏன் தாமதம், எங்கே நிற்காது என்னும் ஓர் அறிவிப்பைக் கேட்டு மாணவர் கட்டங்களை நிரப்பலாம். ஒருவர் மணியைப் பிடித்துக் காரணத்தைத் தவறவிட்டால் அவர்க்கு வேண்டிய பயிற்சி ஒன்று. சொற்களெல்லாம் தெரிந்தும் தொடர்பேச்சில் அவற்றைப் பிரித்தறிய முடியாதவர்க்கு வேண்டியது வேறொன்று. பத்தியைத் தெரிவதில் மட்டும் விழிப்பு வேண்டும். சாமை விதைப்பைப் பற்றியதாயின் மலை மாணவர் கேளாமலே விடை சொல்லிவிடுவார். மெட்ரோ இரயிலைப் பற்றியதாயின் சோதனைக்குள்ளாவது அவர் செவியா, அவர் பிறந்த ஊரா என்று ஐயம் எழும். தெரிந்த உலகத்தில் தெரியாத செய்தி என்பதே நல்ல பத்தியின் இலக்கணம். அதே பத்தியை மறுநாள் அச்சில் கொடுத்துப் படிக்கச் செய்தால், காதுக்கு எட்டாதது கண்ணுக்கு எட்டுகிறதா என்பதும் புலப்படும்.

கேட்டலுக்கு இடம் தராத குறை தமிழ்த் தேர்வுக்கும் உண்டு என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. பாடம் கேட்டு வளர்ந்த மொழியிலேயே கேட்டலுக்கு மதிப்பெண் இல்லை. எனினும் தமிழை அம்மாணவர் தாய்மடியில் கேட்டுவிட்டார். ஆங்கிலத்தைக் கேட்பிக்கும் கடமை பள்ளியுடையது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு கும்பினி அலுவலரின் காதுக்கு அரசு காட்டிய அக்கறையை, எழுபது வளைவுகளுக்கு மேலிருந்து இறங்கிவரும் ஒரு மாணவியின் காதுக்கும் காட்டும்படி கேட்பது மிகையான கோரிக்கையாக நமக்குத் தோன்றவில்லை.