ஒரே ஊசி, ஊருக்கு ஒரு விலை... முடக்குவாத மருந்து நம்ம கைக்கு எட்டுமா?

'காலையில எழுந்ததும் விரலை மடக்க முடியல, பட்டன் போடவே அரை மணி நேரமாகுது'ன்னு வீட்டுல யாராவது சொன்னா, குளிருக்கு அப்படித்தான் இருக்கும்னு விட்டுடாதீங்க. ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் எனப்படும் முடக்குவாதத்தின் முதல் அறிகுறியாக அது இருக்கலாம். இது தாத்தா, பாட்டிக்கு மட்டும் வரும் நோய் இல்லை. இருபது, முப்பது வயதிலும் வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகம்.

நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே ஆள் தெரியாமல் நம் மூட்டுகளைத் தாக்குவதுதான் இங்கே சிக்கல். சோரியாசிஸில் அடி தோலுக்கு, கிரோன் நோயில் குடலுக்கு. இந்த அழற்சியைத் தூண்டிவிடும் முக்கியமான புரதங்களில் ஒன்று டி.என்.எஃப். அதைத் தடுத்தால் மூட்டு வீக்கம் வடியும் என்று 1990-களின் தொடக்கத்தில் லண்டனில் நிரூபித்தவர்கள் மார்க் ஃபெல்ட்மன், ரவீந்தர் மைனி. (மைனி பிறந்தது நம்ம லூதியானாவில்!)

அந்த வழியில் வந்ததுதான் அடாலிமுமாப். ஹுமிரா என்ற பெயரில் 2002 இறுதியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இரண்டு வாரத்துக்கு ஓர் ஊசி. தொடையிலோ வயிற்றிலோ நாமே போட்டுக்கலாம். 2022-ல் இந்த ஒரே மருந்தின் உலக விற்பனை 21 பில்லியன் டாலருக்கும் மேல். நம்ம கணக்குல ஏறக்குறைய 1.7 லட்சம் கோடி ரூபாய்!

இவ்வளவு காசு எப்படி? மூல காப்புரிமை அமெரிக்காவில் 2016-லேயே முடிந்துவிட்டது. ஆனால், ஆப்வீ நிறுவனம் அதைச் சுற்றி 100-க்கும் மேற்பட்ட காப்புரிமைகளை வேலி மாதிரி போட்டு வைத்திருந்தது. அதனால் விலை குறைவான போட்டி மருந்துகள் ஐரோப்பாவுக்கு 2018-லும், அமெரிக்காவுக்கு 2023-லும்தான் வந்தன. இந்தியாவில்? 2014 டிசம்பரிலேயே! ஸைடஸ் நிறுவனத்தின் எக்ஸெம்ப்டியா, உலகின் முதல் அடாலிமுமாப் பயோசிமிலர். அப்போது அதன் விலை, அமெரிக்க விலையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு.

பயோசிமிலர்னா போலி மருந்து இல்லைங்க. இந்த வகை மருந்துகள் உயிருள்ள செல்களில் வளர்த்து எடுக்கப்படுபவை. பாராசிட்டமால் மாதிரி அச்சு அசலாக நகலெடுக்க முடியாது. அதனால், 'மூல மருந்துக்கு இணையாக வேலை செய்கிறது' என்று பரிசோதித்துக் காட்ட வேண்டும்.

அடுத்து என்ன? 2024-ல் ஹுமிராவின் விற்பனை 9 பில்லியன் டாலராகச் சரிய, அதே ஆப்வீயின் ஸ்கைரிஸி 11 பில்லியனைத் தாண்டியது. பழைய மருந்தின் விலை விழும்போது கம்பெனி புது மருந்துக்குத் தாவிடும், அவ்ளோதான். ஊசிக்குப் பதில் டோஃபாசிட்டினிப் போன்ற மாத்திரைகளும் உண்டு. இந்தியாவில் பல கம்பெனிகள் தயாரிக்கின்றன. ஆனால் மாரடைப்பு, ரத்தக்கட்டு அபாயம் பற்றி அமெரிக்க மருந்து ஆணையம் 2021-ல் கடுமையாக எச்சரித்தது. சிகரெட் பழக்கம் இருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். ஜெர்மனியின் எர்லாங்கனில் லூபஸ் நோயாளிகள் 5 பேருக்கு கார்-டி செல் சிகிச்சை கொடுத்ததில், மருந்தே இல்லாமல் நோய் அடங்கியது என்ற செய்தி 2022-ல் வந்தது. ஆசையைத் தூண்டும் முடிவுதான். ஆனாலும் இப்போதைக்கு நம்ம பட்ஜெட்டுக்கு ஒத்துவருவது பழைய மருந்துகள்தான்.

பெரும்பாலும் டாக்டர்கள் முதலில் எழுதுவது விலை குறைவான மெத்தோட்ரெக்சேட் மாத்திரை. அது வாரத்துக்கு ஒருநாள் மட்டும். தினமும் போட்டுக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பத்துக்குத் திட்டமிட்டால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்கும் கேட்காமல் ஊசி எழுதினால், 'பயோசிமிலர் இருக்கா, மாசம் எவ்வளவு ஆகும், எத்தனை மாசம் போடணும்?' என்று கூச்சப்படாமல் கேளுங்கள். டி.என்.எஃப் ஊசி, உடம்பில் தூங்கிக்கிட்டிருக்கும் காசநோயை எழுப்பிவிடும். நம்ம நாட்டில் அது சாதாரண விஷயம் இல்லை. அதனால டி.பி டெஸ்ட் எடுக்காம முதல் ஊசியைப் போட்டுக்காதீங்க.