பேட்டர்ன் என்றால் என்ன? குஜராத் கிராமமும் ஃப்ரேம்வொர்க்கும்

கணபதிப் பக்கம் ஃபவுண்டரிக்காரரிடம் 'பேட்டர்ன்' என்று சொன்னால் ஒரே அர்த்தம்தான்: மரத்திலோ அலுமினியத்திலோ செய்த அச்சு. மணலில் பதித்து உருவி எடுத்து, அந்தக் குழியில் இரும்பை உருக்கி ஊத்துவாங்க. ஒரே அச்சில் நூறு பம்பு உடம்பு வரும், நூறும் ஒரே மாதிரி.

சாஃப்ட்வேர்க்காரர்கள் சொல்லும் பேட்டர்ன் இது இல்லைங்க. அது வந்த வழி வேறு, நடுவில் ஒரு குஜராத் கிராமமும் உண்டு.

கிறிஸ்டோபர் அலெக்சாண்டர் என்ற கட்டிடக் கலைஞர் 1960களின் தொடக்கத்தில் பாவ்ரா என்ற கிராமத்தில் தங்கினார். 600 பேர் வாழும் ஊருக்கு என்னென்ன வேண்டும் என்று 141 தேவைகளைப் பட்டியல் போட்டு, ஒன்றோடொன்று சிக்கியிருப்பவற்றைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்தார். 1964-ல் வந்த அவர் புத்தகத்தின் பின்னிணைப்பில் இது இருக்கிறது. பிறகு 1977-ல் 'எ பேட்டர்ன் லாங்குவேஜ்'. அதில் ஒவ்வொரு பேட்டர்னும் ஒரு பிரச்சினை, அதற்கான தீர்வின் சாரம், அடுத்து எந்தப் பேட்டர்னைப் பார்க்கணும் என்ற குறிப்பு. தீர்வை ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி கட்டலாம். அச்சில் வார்ப்பது போல் கிடையாது.

1987-ல் கென்ட் பெக்கும் வார்ட் கன்னிங்ஹாமும் இதை ஸ்மால்டாக்கில் முயன்று பார்த்தார்கள். திரை வடிவமைக்க வெறும் ஐந்து பேட்டர்ன். அதை வைத்தே பயனாளர் தரப்பினர் தங்கள் திரையைத் தாங்களே வடிவமைத்தார்கள்.

ஃப்ரேம்வொர்க் படிப்பதில் உள்ள கஷ்டத்துக்கு இது நேராகப் போய்ச் சேர்ந்தது ரால்ஃப் ஜான்சனிடம். லைப்ரரியை நாம் கூப்பிடுகிறோம். ஃப்ரேம்வொர்க்கோ நம்மைக் கூப்பிடுகிறது. புதுசா சேர்ந்த பையன் ஓட்டம் எங்கே ஆரம்பிக்குதுன்னு தேடுவான், அவன் எழுதின கோடில் அது இருக்காது. ஒவ்வொரு கிளாஸாகப் படித்தாலும் பிடிபடாது, ஏன்னா வேலை நாலைந்து ஆப்ஜெக்ட்டுக்குள் பங்கு போட்டுக் கிடக்கும். அதனால் உதாரணத்தைக் காப்பி அடித்து, ஓடும் வரை திருத்துவான். (நானும் அப்படித்தான். இப்பவும்.)

ஜான்சன் 1992-ல் ஹாட்ட்ரா என்ற, படம் வரையும் எடிட்டர்களுக்கான ஃப்ரேம்வொர்க்கை எடுத்துக்கொண்டு, அதன் ஆவணத்தைப் பேட்டர்ன்களாகவே எழுதினார். முதல் பேட்டர்ன், இந்த ஃப்ரேம்வொர்க் எதற்கு என்பதை மட்டும் சொல்லும். அடுத்து அடிக்கடி வரும் வேலைகள், அரிதானவை கடைசியில். உள்கட்டமைப்பைத் தெரிந்துகொள்ளும் முன்பே ஒருவரால் உபயோகிக்க முடிய வேண்டும் என்பது அவர் கணக்கு. இன்றைக்கும் பல ஃப்ரேம்வொர்க் ஆவணங்கள் கிளாஸ் பட்டியலில்தான் ஆரம்பிக்கின்றன, அது எனக்குப் புரியவே மாட்டேங்குது.

இரண்டு வருஷம் கழித்து, ஜான்சன் உட்பட நாலு பேர் எழுதிய 'டிசைன் பேட்டர்ன்ஸ்' வந்தது. அதில் 23 பேட்டர்ன். நம்ம ஊரில் பலருக்குத் தெரிந்தது அந்தப் பட்டியல்தான், அதுவும் இன்டர்வியூவுக்காக. சிங்கிள்டன்னா என்னன்னு ஒப்பிப்போம், ஃபவுண்டரி அச்சு மாதிரி.