புராணம் புனையும் விளையாட்டு: ஒரு வரலாற்று நோக்கு

மக்கட் கூட்டம் எதுவாயினும் தனக்கெனச் சில புராணக் கதைகளை உடையதாய் இருத்தல் உலக வழக்கு. அக்கதைகளை ஓதிப் பேணுவோர் உளர்; விழாக்களில் நடித்துக் காட்டுவோர் உளர்; தம் காலத்துக்கும் கருத்துக்கும் ஏற்ப அவற்றை மாற்றியமைப்போரும் உளர். மாற்றும் உரிமை யாருக்குரியது? மாற்றுவோர் அதற்குக் கொடுக்கவேண்டிய விலை யாது? இவ்வினாக்கள் மிகப் பழையன. ஆயின் இவற்றையே விதிகளாக வகுத்து, நால்வர் ஐவர் ஒரு மேசையைச் சூழ்ந்திருந்து ஆடத்தக்க விளையாட்டாக அமைத்தமை, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க நாட்டில் நிகழ்ந்ததாகும். அம்முயற்சியின் வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண், புராணம் ஒன்று மாற்றப்பட்ட பழைய நிகழ்ச்சியை நோக்குவாம். பாபிலோன் நகரத்துப் புத்தாண்டு விழாவின் நான்காம் நாளில், உலகத் தோற்றத்தைக் கூறும் 'எனுமா எலிஷ்' என்னும் காவியம் மார்டுக் தெய்வத்தின் திருமுன் ஓதப்பட்டது. கடலின் உருவாகிய தியாமத்தை மார்டுக் வென்று, அவளுடலால் வானையும் மண்ணையும் படைத்த கதை அது. கி. மு. 689இல் அசீரிய மன்னன் சென்னசெரிப் பாபிலோனை அழித்தான். பின்னர் அசீரிய நாட்டில் அக்காவியத்தின் வேறொரு வடிவம் வழங்கலாயிற்று. மார்டுக்கின் இடத்தில் அசீரியரின் தெய்வமாகிய அசூர் நின்றான். கி. மு. 681இல் சென்னசெரிப் தன் குடும்பத்தார் கையாலேயே மாண்டான். அவனுக்குப்பின் அரசேறிய மகன் எசர்ஹதோன் பாபிலோனை மீளக் கட்டத் தொடங்கினான். சென்னசெரிப்பின் முடிவை மார்டுக்கின் சினத்தின் பயனெனப் பிற்காலப் பாபிலோனியர் கருதினர். கதையை மாற்ற வாளால் இயலும். அம்மாற்றத்தை மக்கள் நெஞ்சில் நிலைநிறுத்த வாளால் இயலாது என்பது இதனாற் பெறப்படும்.

இனி, விளையாட்டின் மரபைக் காண்பாம். படைத்தலைவர்க்குப் பயிற்சியளிக்கும் பொருட்டு, பிரசிய நாட்டில் றைஸ்விற்ஸ் என்னும் படையதிகாரி 1824இல் ஒரு போர் விளையாட்டின் விதிகளை வெளியிட்டார். அதிலே தீர்ப்புக் கூறும் நடுவர் ஒருவர் இருந்தார். 1969இல் அமெரிக்கரான டேவிட் வெஸ்லி அமைத்த ஆட்டத்தில், ஆடுவோர் படைகளை மாத்திரமன்றி ஓர் ஊரின் தனிமனிதர்களாகவும் பாத்திரமேற்றனர். இவ்வழியே வளர்ந்து, 1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவரும் இயற்றிய 'டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' வெளிவந்தது. ஆயினும் அதில் வீரன் பெறும் பேறு பெரும்பாலும் பொருளும் ஆற்றலுமேயாம். அவன் வழிபடும் தெய்வத்தின் கதையோ, அவனை ஈன்ற சமூகமோ ஆட்டத்தின் நடுவிடத்தைப் பெறவில்லை.

அவ்விடத்தை அவற்றுக்கு அளித்தவர் கிறெக் ஸ்ராபோட் என்பவர். 1948இல் பிறந்த அவர், 1966இல் விஸ்கொன்சின் மாநிலத்துப் பெலோயிற் கல்லூரியில் மாணவராயிருந்த காலத்தே, குளோறந்தா என்னும் கற்பனை உலகின் கதைகளை எழுதத் தொடங்கினார். 1975இல் கேயோசியம் என்னும் பதிப்பகத்தை நிறுவி, அவ்வுலகிற் படைகள் பொருதும் பலகை விளையாட்டொன்றை வெளியிட்டார். 1978இல் ஸ்ரீவ் பெரினும் பிறரும் இயற்றிய 'றூன்குவெஸ்ற்' அதே உலகைக் களமாகக் கொண்டு வெளிவந்தது. அடுத்த ஆண்டில் வந்த துணைநூலொன்று, பல தெய்வங்களின் கதை, சடங்கு, அடியார் கடமை, அவர்பெறும் பேறு ஆகியவற்றை முறைப்பட வகுத்துக் கூறிற்று.

குளோறந்தாவின் நடுக்கதை இதுவாகும். புயற்கடவுளாகிய ஓர்லந்த், ஞாயிற்று வேந்தனாகிய யெல்மைக் கொன்றான். உலகில் இருள் சூழ்ந்தது. தன் பிழையை உணர்ந்த ஓர்லந்த், துணைவருடன் கீழுலகஞ் சென்று, யெல்முடன் உடன்பாடு செய்து, ஒளியை மீட்டான். காலம் என்பது அன்றுதான் தொடங்கிற்று. அவ்வுலகத்து வீரனொருவன் சடங்கின் வாயிலாகத் தேவருலகிற் புகுந்து, ஓர்லந்தாகவே நின்று அவ்வழியை மீண்டும் நடக்கலாம். கதை கூறியபடி நடப்பின், தன் குலத்துக்கு அருள் பெறுவான். கதையினின்று விலகிப் புதுவழி காணின், புதுப் பேறும் எய்தலாம், பெருங்கேடும் அடையலாம். வென்றாலும் தோற்றாலும் பயன் அவனுக்கு மட்டுமன்று. வயலும் மந்தையும் மக்களும் அதில் பங்குகொள்வர்.

இதற்கு மறுதலையாகத் தெய்வங்களை ஆராய்ந்த ஓர் அறிஞர் கூட்டத்தையும் அவ்வுலகின் பழைய வரலாற்றிற் காணலாம். அவர்கள் புராணங்களைப் பொறிகள் போல எண்ணி, தம் விருப்பப்படி பிரித்தும் பூட்டியும் பார்த்தனர். இரு நாடுகளின் தானிய தேவியரை ஒருவர்க்கொருவர் இடம் மாற்றி வைத்தனர். விளைவு பேரழிவாயிற்று. கதைகளை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். ஆயின் அக்கதைகளால் வாழ்ந்த உழவரை எண்ணினாரல்லர்.

இத்தகைய பயணத்தை விதிகளாக எழுதுதல் எளிதாக இல்லை. றூன்குவெஸ்ற் வெளிவந்த காலத்திலேயே அதற்கெனத் தனிநூல் வருமென அறிவிக்கப்பட்டும், இருபது ஆண்டுகளுக்கு மேல் அது வெளிவரவில்லை. வாள்வீச்சின் வெற்றியைப் பகடையால் அளக்கலாம். ஒரு குலம் தன் தெய்வத்தின் மீது கொண்ட நம்பிக்கையை அளக்கும் கருவி யாது? 1999இல் 'கிங் ஒப் டிராகன் பாஸ்' என்னும் கணினி விளையாட்டு ஒரு விடை தந்தது. ஆடுபவர் தம் குலம் வழங்கும் கதையைக் கற்று, வீரனைத் தெரிந்து, உற்ற இடத்தில் உரிய செயலைத் தேர்தல் வேண்டும். 2000இல் றொபின் லோஸ் வகுத்த 'ஹீறோ வோர்ஸ்' மற்றொரு விடை தந்தது. அதில் ஆடுபவர் தம் பாத்திரத்தை நூறு சொல்லளவான ஓர் உரைப்பகுதியாக எழுதுவார்; அதிலுள்ள திறன்களும் உறவுகளும் பற்றுகளும் எண்மதிப்புப் பெறும். குலத்தாரின் ஆதரவும் வீரனின் வலிமையோடு கூடும். சமூகத்தை விட்டுப் பிரிந்தவன் புராணத்தின் முன் மெலிந்தவன் என்னும் கருத்து இவ்வாறு விதியாயிற்று.

யாரும் வழிபடாத தெய்வங்களைப் பற்றிய ஆட்டத்தால் யாது பயன் எனச் சிலர் வினவலாம். சென்னசெரிப்பின் சோதனைக்குப் பாபிலோன் நகரம் விலையாயிற்று. மேசையின் மீது செய்யும் சோதனையால் எந்நகரமும் அழிவதில்லை. கதையை மாற்றினால் யார் துன்புறுவர் என்பதை இளைஞர் சிலர் ஒரு மாலைப்பொழுதில் எண்ணிப் பார்க்க அது இடமளிக்கின்றது. ஸ்ராபோட் தம் உலகுக்கும் அதே உரிமையை அளித்தார். தாம் எழுதியதே முடிந்த முடிபென அவர் கொள்ளவில்லை. ஆடுவோர் ஒவ்வொருவரின் குளோறந்தாவும் வேறுபடும் என்பதே அவர் கொள்கை. அவர் 2018இல் மறைந்த பின்னரும் அவ்வுலகம் புதிய மேசைகளில் புதிய வடிவம் பெற்று வருகின்றது.

புராணம் மாறாதது என்போரும், அதனை எவரும் எவ்வாறும் மாற்றலாம் என்போரும் இவ்விளையாட்டின் வரலாற்றிலிருந்து கற்பன உள. புராணம் மாறும், ஆயின் முன்னதைக் கற்றவனும், அதன் வழியை நடந்தவனும், மாற்றத்தின் பயனைத் தன் மக்களோடு சேர்ந்து ஏற்பவனுமே அதனை மாற்றும் தகுதியுடையவன் என்க.